விளக்குக்குப் பின்னால் நின்றவள்

மார்கிலான் நகரத்து மல்பெரித் தெருவின் கடைசி வீட்டு மருமகள் சனோபர், மார்ச் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், பிற்பகல் மூன்று மணிவாக்கில் கண்ணுக்குத் தெரியாமல் போனாள். இராச்சாப்பாடு வழக்கமான நேரத்துக்கே வந்தது. சூப்பில் உப்புக்கூட ஒரு கல் குறையவில்லை என்று அவளுடைய மாமியார் மஸ்தூரா பின்னாளில் பல பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறாள். அந்த வாரம் சந்தையில் வெங்காயம் விலை ஏறியிருந்தது, வாய்க்காலில் அந்த வருஷத்து முதல் தண்ணீர் விட்டிருந்தார்கள், கடைசி வீட்டு மருமகள் தெரியாமல் போயிருந்தாள். தெருவில் மூன்றையும் பற்றிப் பேசினார்கள். வெங்காயத்தைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

மஸ்தூரா விதவை. புருஷன் பட்டு ஆலையில் சாயத்தொட்டி முன்னால் நின்று நின்றே நெஞ்சு கெட்டுப் போய்ச் சேர்ந்தான். மகன் தோஹிர் கல்யாணமான நாற்பதாம் நாள் மாஸ்கோப் பக்கம் பனி அள்ளும் வேலைக்குக் கிளம்பிவிட்டான். வீட்டில் மிச்சம் இருந்தது வரனுக்குக் காத்திருக்கும் மகள் முனிஸா, ரிஷ்தான் ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த மருமகள் சனோபர், ஒரு பூனை. சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிற ரகம் இல்லை மஸ்தூரா. ஊர் ஊராகப் போய், பழைய வீடுகளின் பெட்டிகளில் தூங்கும் சாமான்களைப் பேசி வாங்கி வருவாள்: பருத்திப் பூ வரைந்த டீபாட், பூவேலைத் துணி, பவளக் கம்மல், டீக்கு வெந்நீர் காய்ச்சும் சமோவார், அதுவும் கைப்பிடி போனது. அவற்றை விருந்தினர் அறைக் கம்பளத்தில் வைத்துக் கைபேசியில் படம் பிடித்து டெலிகிராமில் போட்டால் தாஷ்கண்ட் சீமாட்டிகள் அள்ளிக்கொண்டு போவார்கள் என்பது கணக்கு. ஒருத்தியும் அள்ளவில்லை. அந்த அறையின் மஞ்சள் வெளிச்சத்தில் எல்லாச் சாமானும் சீக்கு வந்த கோழி மாதிரி இருந்தது. "அக்கா, இது டீபாட்டா, உருளைக்கிழங்கா?" என்று ஒருத்தி எழுதிக் கேட்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தையில்தான் அவள் அந்த விளக்கைப் பார்த்தாள். ஊர் ஸ்டுடியோவில் சோவியத் காலத்திலிருந்து நின்ற விளக்கு. ஸ்டுடியோவை மூடி அதில் இப்போது மருந்துக்கடை வைத்துவிட்டார்கள். பாத்திரம் கழுவும் தொட்டி அகலத்துக்கு ஒரு அலுமினியக் கிண்ணம், அதன் வாயில் ஜன்னல் கதவுபோல் திறந்து மூடும் நாலு தகடு, துணி சுற்றிய வயர், கிர்ணிப்பழம் அளவில் ஐந்நூறு வாட் பல்பு. மூன்று கால் இரும்பு ஸ்டாண்டில் ஒரு கால் ஒடிந்திருந்தது. மார்கிலானில் நாற்பது வயதைத் தாண்டிய எல்லோரும் பாஸ்போர்ட்டுக்கோ கல்யாணத்துக்கோ இந்த விளக்கின் முன்னால் உட்கார்ந்தவர்கள்தான். 'தாடையைக் கொஞ்சம் கீழ இறக்குங்க' என்று விளக்குக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் சொல்லும். குரல் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. அது யாருடையது, அவனுக்கு மூக்கு எப்படி, முழி எப்படி என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. சந்தையிலும் விளக்குக்குப் பக்கத்தில் ஒரு காலி முக்காலிதான் இருந்தது. மஸ்தூரா சுற்றும் முற்றும் பார்த்தபோது முக்காலி பேசியது.

"விலையைக் கேளு அக்கா. ஆளை எதுக்குத் தேடுற? ஆளையா வாங்கப்போற?"

மஸ்தூரா அசரவில்லை. பேரம் பேசக் காது போதும். பாதி விலைக்கு அடித்துப் பேசி, வயரையும் சுருட்டித் தரச் சொன்னாள். வயர் தானாகச் சுருண்டது.

"ஒண்ணு சொல்லிடுறேன், அப்புறம் சொல்லலைன்னு வரக்கூடாது" என்றது குரல். "கால் ஒடிஞ்ச ஸ்டாண்டு. யாராவது பின்னால நின்னு புடிச்சாத்தான் நிக்கும். இல்லாமப்போனாலும் பரவாயில்லைங்கிற ஆளாப் பார்த்து நிறுத்திக்க."

வீடு திரும்பும் மினிபஸ்ஸில் விளக்கை மடியில் வைத்துக்கொண்டு மஸ்தூரா யோசித்துப் பார்த்தாள். மகன் அனுப்பும் பணத்தில் கூரை மாற்ற வேண்டியிருந்தது. மகளோ, தான் பெற்ற மகள். பூனை எலி பிடிக்கும். யோசித்து முடிக்க அவளுக்கு இரண்டு நிறுத்தம்கூட ஆகவில்லை.

முதலில் வைத்தது மூக்கு உடைந்த டீபாட். வெள்ளை விரிப்பைச் சுவரிலிருந்து கம்பளம் வரை மடிப்பில்லாமல் தொங்கவிட்டு, நடுவில் டீபாட்டை வைத்து, சனோபரை ஸ்டாண்டுக்குப் பின்னால் நிறுத்தி ஸ்விட்சைப் போட்டாள். தெருவில் பாதி வீடுகளின் வெளிச்சம் ஒரு கணம் தாழ்ந்து எழுந்தது. தூசி பொசுங்கும் வாசனை வந்தது. கைபேசியில் பார்த்தால் டீபாட்டுக்கு மூக்கு இருந்தது. விளக்கை அணைத்த பிறகும் இருந்தது. மஸ்தூரா அதைத் தலைகீழாகக் கவிழ்த்தாள், விரலால் சுண்டினாள், தண்ணீர் ஊற்றிச் சாய்த்தாள். பிஸ்மில்லா சொல்லி விலையை மூன்று மடங்கு ஏற்றினாள். அன்று மாலைக்குள் விற்றுப்போனது. ஒரு மாதத்துக்குள் அவளுக்கு விளக்கின் குணம் பிடிபட்டுவிட்டது: கைபேசி வழியாகப் பார்ப்பவர் ஒரு பொருளை எப்படிப் பார்க்க ஆசைப்படுகிறாரோ, வெளிச்சத்தில் அந்தப் பொருள் அப்படியே ஆகிவிடும். அதற்கு வேண்டியதைப் பின்னால் நிற்பவரிடமிருந்து எடுத்துக்கொள்ளும். விளக்கடியில் இருட்டு என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். அந்த இருட்டில் யார் நிற்கிறார்கள் என்று கேட்ட மகராசன் எவனும் இல்லை.

சனோபரிடமிருந்து முதலில் போனது நிழல். அது போனதை அவள் பல நாள் கவனிக்கவில்லை. குனிந்து வேலை செய்கிறவளுக்கு நிழலைப் பார்க்க ஏது நேரம். பிறகு புருவத்தின் கறுப்பு போயிற்று. சமோவாருக்குக் கைப்பிடி முளைத்த அன்று இடது காது போனது. முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துக்கொண்டு அவள் மாமியாரிடம் போய் நின்றாள்.

"அத்தை, என் காது தெரியலை."

"கேக்குதா?"

"கேக்குது."

"அப்புறம் என்னடி? பெரிய காது. அதுல வைரமா தொங்குது? போ, போய் விளக்கைப் புடி."

இந்த இடத்தில் தெருவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மல்பெரித் தெருவில் நல்ல மருமகள் என்பவள் விடியுமுன் எழுந்து வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து, மற்றவர்கள் கண் விழிக்கும்போது உள்ளே போயிருக்க வேண்டும். விருந்தாளிகளோடு உட்காரக்கூடாது. தட்டைக் கதவோரம் வரை கொண்டுவந்து மாமியார் கையில் கொடுத்துவிட்டுக் கதவுக்குப் பின்னாலேயே மறைந்துவிட வேண்டும். அதனால் சனோபர் மங்க மங்க, அவள் பேர் ஓங்கியது. காது போனதும் மஸ்தூரா வளர்த்த முறையைப் பாராட்டினார்கள். கழுத்து வரை போனதும், பெண் கொடுக்கப் போகிறவர்கள் தங்கள் பெண்களைக் கூட்டி வந்து இந்த வீட்டுக் கதவோரத்தைக் காட்டிவிட்டுப் போனார்கள்.

"என் மருமக எப்பப் பாரு கண்ணு முன்னாடியே வந்து நிக்கிறா, தூண் கணக்கா" என்று எதிர்வீட்டுக்காரி புலம்புவாள். "உங்க வீட்டுப் பொண்ணு இருக்கிற எடமே தெரியலையே. என்ன மந்திரம் போட்டீங்க?"

"மந்திரமெல்லாம் ஒண்ணுமில்லடி. நாம பழக்குறதுலதான் இருக்கு."

ஒருத்தியாவது, அல்லாவுக்குப் பயந்த ஒருத்தியாவது, இந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தெருவுக்கே புத்தி அப்படி. கண்ணுக்கெதிரே ஒருத்தி கரைந்துபோவதை அவர்கள் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

செவ்வாய்க்கிழமைக் கதை முனிஸாவால் வந்தது. முனிஸாவுக்கு முன்பல் ஒன்று குறுக்கே நிற்கும், முடி எலிவால். பெண் பார்க்க வந்தவர்கள் டீயைக் குடித்துவிட்டு, நான் ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டுவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள், சொல்லி அனுப்பவில்லை. பட்டு வியாபாரி வீட்டிலிருந்து வருகிறார்கள் என்று தகவல் வந்ததும் மஸ்தூரா டீபாட்டையும் கம்மலையும் ஓரமாக எடுத்து வைத்தாள். வெள்ளை விரிப்பில் முனிஸாவை உட்காரவைத்தாள். சனோபர் பின்னால் நின்று கம்பியைப் பிடித்தாள். அதற்குள் அவளிடம் மிச்சம் இருந்தது முகமும் இரண்டு கையும்தான்.

"அண்ணி, இன்னும் கொஞ்சம் உசத்திப் புடிங்க. மூக்கு நெழல் உதட்டுல விழுது" என்றாள் முனிஸா.

சனோபர் உயர்த்திப் பிடித்தாள். கைபேசிக்குப் பின்னால் மஸ்தூரா தன் மகளைத் தாய் பார்க்கும் பார்வையெல்லாம் பார்த்துத் தீர்த்தாள். பல் நேரானது. முடி தோளைத் தாண்டி, இடுப்பைத் தாண்டி விரிப்பில் சுருண்டது. விளக்கை அணைத்தபோது கம்பி அந்தரத்தில் நின்றது.

"அண்ணி எங்க?"

"இங்கதான் இருக்கேன்."

"சரி, அப்ப விளக்கைப் பார்த்துக் கீழ வைங்க. சூடா இருக்கும்" என்று சொல்லிவிட்டு முனிஸா கண்ணாடியைத் தேடி ஓடினாள். மே மாதம் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. அந்தக் கல்யாணத்தில் குவிந்த எச்சில் தட்டுகளையெல்லாம் முற்றத்துக் குழாயடியில் யாரோ கழுவி அடுக்கினார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஏன் அவள் போய்விடவில்லை என்று கேட்பது சுலபம். ரிஷ்தானுக்குப் போகிற மினிபஸ் நிற்க வேண்டுமானால் நீட்டுகிற கை தெரிய வேண்டும். அப்படியே நடந்தே போய்ச் சேர்ந்தாலும், வீட்டில் அவளுக்கு அடுத்த தங்கை இருந்தாள். வாழாவெட்டியாக அக்கா திரும்பி வந்த வீட்டுக்கு யாரும் பெண் கேட்டு வரமாட்டார்கள். அதற்கும் மேலே மஸ்தூரா ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். முனிஸாவுக்காகப் பிடித்த வெளிச்சத்தில் பல்பு உள்ளுக்குள் கறுத்து, இழை ஒரு பக்கம் தொங்கிவிட்டது. இன்னும் ஒரே ஒரு தடவை எரியும். அந்த மாதிரி பல்பு செய்கிற ஆலையும் இல்லை, ஆலை இருந்த நாடும் இல்லை. "தோஹிர் வரட்டும். அந்தக் கடைசி வெளிச்சம் உனக்குத்தான். உன் மொகம் உனக்கு வந்துடும். அதுவரைக்கும் வாயைத் தொறந்து என் மானத்தை வாங்காத" என்று மஸ்தூரா சொல்லியிருந்தாள். பல்பைப் பழந்துணியில் சுற்றி அரிசிப் பெட்டியில் வைத்தாள். சனோபர் அரிசி எடுக்கும்போதெல்லாம் அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள்.

தோஹிர் வெள்ளிக்கிழமைகளில் கைபேசியில் கூப்பிடுவான். படத்தில் அவனுக்குத் தெரிந்தது ஒரு மெத்தையும் தலையணையும்.

"கேமராவைத் திருப்பி வைடி. சுவரைக் காட்டிட்டு இருக்கே."

"நேராத்தான் இருக்குங்க."

"நெட்டு சரியில்லை போல. பரவாயில்லை, சொல்லு. அம்மாவுக்குக் கால்வலி எப்படி இருக்கு?"

கல்யாண ஆல்பத்திலும் அவன் மட்டும்தான் கழுத்துப்பட்டையோடு தனியாக, யாருடைய கையையோ பிடித்த பாவனையில் நின்றான். இதெல்லாம் ஒரு பக்கம். ரிஷ்தானில் சனோபரின் அம்மா ஹோசியத், நான் ரொட்டி சுட்டுச் சாலையோரம் விற்கிறவள், ஒரு நாள் சுவரில் மாட்டியிருந்த பள்ளிக்கூடப் படத்தைத் துடைக்கும்போது இரண்டாம் வரிசையில் ஒரு இடம் காலியாக இருப்பதைப் பார்த்தாள். ஈரம் தின்றிருக்கும் என்று முதலில் நினைத்தாள். மறுநாள் கைநிறைய நானைத் துணியில் கட்டிக்கொண்டு மார்கிலானுக்கு வந்துவிட்டாள்.

"சனோபர் பக்கத்துத் தெருக் கல்யாணத்துக்கு ஒத்தாசைக்குப் போயிருக்கா, சம்பந்தி. நல்ல பேரு எடுத்துட்டா, எல்லாரும் கூப்பிடுறாங்க. நான் என்ன செய்யட்டும்?" என்றாள் மஸ்தூரா.

சனோபர் கதவோரத்தில் தட்டோடு நின்றாள். மாமியார் வந்து தட்டை வாங்கிக்கொண்டாள். பிறகு சனோபர் உள்ளே வந்து அம்மாவுக்கு எதிரே, கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்தாள். அம்மா இளைத்திருந்தாள். டீயை ஊதி ஊதி, குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை, அம்மா என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். தங்கை கல்யாணமும் கடைசி வெளிச்சமும் அந்த ஒரு வார்த்தையில் போய்விடும் என்று சனோபர் தன் முக்காட்டு நுனியை வாய்க்குள் அடைத்துக்கொண்டாள். அம்மா எழுந்து வாசலுக்குப் போனபோது அவளுடைய சேறு பிடித்த செருப்பு இரண்டும் துடைத்துத் தெருவைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தன. ஹோசியத் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மாட்டிக்கொண்டு போனாள்.

இரண்டு குளிர்காலம் கழிந்து தோஹிர் வந்தான். தொப்பை விழுந்திருந்தது, கையில் பெரிய டிவி ஒன்று இருந்தது. மனைவி கண்ணுக்குத் தெரியவில்லை என்பதை அம்மா அவனுக்குச் சாப்பாட்டுக்கு நடுவில், ஊறுகாய் பானையில் விரிசல் விட்டதைச் சொன்ன கையோடு சொன்னாள். அவன் புலாவை மென்றுகொண்டே கேட்டான். அன்றிரவு படுக்கை சூடாக இருந்தது. காலையில் சட்டை தேய்த்திருந்தது. கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாக அவன் அவளைப் பார்த்ததே சொற்ப நாள்தான். பழக்கத்துக்கு வராத முகம் இல்லாமல் போனதில் அவனுக்கு ஒன்றும் இடறவில்லை. விளக்கைப் பற்றி அவள் கேட்டபோதெல்லாம், இந்த வாரம் டிவியை மாட்டிவிடலாம், அடுத்த வாரம் பார்ப்போம் என்றான். அப்படி அடுத்த வாரங்கள் பல வந்தன.

பிறகு ஒரு நாள் சனோபர் சமைக்கவில்லை. அடுப்புப் பற்றவில்லை, வாசல் பெருக்கவில்லை, வெந்நீர் வரவில்லை. மத்தியானம் தாயும் மகனும் சமையலறைக்கு வந்து பார்த்தார்கள். இத்தனை காலத்தில் முதல் தடவையாக அன்றுதான் அவள் இல்லாதது அவர்களுக்குத் தெரிந்தது.

"எங்கடி இருக்கே?" என்றான் தோஹிர்.

"அடுப்புக்குப் பக்கத்துல உக்காந்திருக்கேன். என் மொகம் வர்ற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்."

"விளக்கைப் புடிக்க ஒரு ஆளு வேணுமே" என்று மஸ்தூரா இழுத்தாள். "நான் இந்தக் காலை வெச்சுக்கிட்டு நிக்க முடியாது. அவன் சம்பாதிக்கிறவன்."

மகன் வந்ததைக் கொண்டாட வாங்கிய செம்மறியாடு முற்றத்தில் கட்டியிருந்தது. தோஹிர் அதைக் காட்டினான். ஆட்டின் காலைக் கட்டிப் படுக்கவைத்து, ஸ்டாண்டை அதன் முதுகில் சாய்த்து நிறுத்தலாம் என்றான்.

அடுப்படியிலிருந்து சனோபர் கேட்டாள். "ஆடு போதும்னா, அத்தை, மொதல்லயே ஒரு ஆட்டை நிறுத்தியிருக்கலாமே?"

"ஆடு என்ன விலை விக்குதுன்னு தெரியுமா உனக்கு?" என்றாள் மஸ்தூரா. அதில் அவளுக்கு மனதாரக் கோபம் வந்தது.

அடுத்த நாள் காலையில் விருந்தினர் அறையில் வெள்ளை விரிப்பைத் தொங்கவிட்டார்கள். பல்பை மாட்டினார்கள். சனோபர் தன் கல்யாணப் பட்டுச் சட்டையை உடுத்திக்கொண்டாள், உடுத்தியதும் அதுவும் தெரியாமல் போனது. அவள் விரிப்பில் உட்கார்ந்தாள் என்பதை விரிப்பில் விழுந்த பள்ளத்தை வைத்துத் தெரிந்துகொண்டார்கள். மஸ்தூரா படம் பிடிக்கக் கூடாது என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். மாமியார் ஆசைப்படுகிற முகம் என்ன முகமாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் கைபேசி தோஹிர் கையில் இருந்தது.

"என் மொகம் ஞாபகம் இருக்குல்லங்க?" என்று பள்ளத்திலிருந்து குரல் வந்தது.

"பொண்டாட்டி மொகம் மறந்துபோகுமா என்ன?"

"தாடையில தழும்பு இருக்கும். சின்ன வயசுல தந்தூர் அடுப்புல சாஞ்சு சுட்டுக்கிட்டது. அதையும் சேர்த்து நெனைச்சுக்கங்க."

"எல்லாம் தெரியும்டி. சும்மா உக்காரு."

பாவி, அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. கல்யாணத்தன்று முக்காடு, அதற்குப் பிறகு குனிந்த தலை, பிறகு மெத்தையும் தலையணையும். ஞாபகத்தைத் தோண்டத் தோண்ட அவள் வைத்த கத்தரிக்காய்ப் பொரியலின் ருசி வந்தது, பின்னலின் முனை வந்தது, முகம் வரவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்தது. அந்த ஒரு வெட்கத்தை அவன் விட்டிருந்தால் போதும். அவளே தன் முகத்தை வாயால் சொல்லியிருப்பாள், பல்பும் காத்திருக்கும். ஆனால் மஸ்தூரா ஸ்விட்சைப் போட்டுவிட்டாள். தெரு முழுக்க விளக்குகள் தாழ்ந்தன, ஆடு கத்தியது. தோஹிருக்கு அந்த அவசரத்தில் மனதில் வந்து நின்றது, அவன் தினமும் பனி அள்ளிய சுரங்க ரயில் நிலைய வாசலில் மாட்டியிருந்த விளம்பரம். புளித்த பால் தம்ளரைக் கையில் ஏந்திச் சிரிக்கும் ஒரு பொம்பளை. இத்தனை வருஷம் ஒவ்வொரு விடியலிலும் அவன் பார்த்த ஒரே பெண் முகம் அதுதான். பல்பு டப்பென்று வெடித்தது.

விரிப்பில் அந்தப் பொம்பளை உட்கார்ந்திருந்தாள். பால் நிறம், தேன் நிற முடி, பச்சைக் கண். வாய் நிறைய வெள்ளைப் பல். சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. உதட்டை மூடப் பார்த்தாள், மூடவில்லை. கண்ணாடியைக் கேட்டாள். கொடுத்தார்கள். கண்ணாடியைப் பார்த்து அவள் அழுதாள், அந்த முகம் கன்னத்தில் கண்ணீர் ஓட ஓட, யாரோ நல்ல சேதி சொன்ன மாதிரி சிரித்துக்கொண்டே இருந்தது.

"மாஷா அல்லா! ஒரு குறை சொல்ல முடியுமா?" என்றாள் மஸ்தூரா.

ஆடு தெரியாமல் போயிருந்தது. அது கத்திய திசையில் கையை விட்டுப் பிடித்து அறுத்தார்கள். அன்று தெருவுக்கே விருந்து. புலாவில் கறி கண்ணுக்குப் படவில்லை, பல்லுக்குப் பட்டது. கொழுப்பு நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். மருமகளைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்திக் காட்டினாள் மஸ்தூரா. இது முன்னே இருந்த பெண்தானா என்று சந்தேகப்பட யாருக்கும் வழியில்லை, முன்னே இருந்த பெண்ணை ஒருவரும் சரியாகப் பார்த்ததில்லை. தோஹிர் திரும்ப மாஸ்கோவுக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு மஸ்தூரா கம்மலை விரிப்பில் வைப்பதை விட்டுவிட்டாள். சனோபர் காதில் மாட்டி ஜன்னல் வெளிச்சத்தில் படம் பிடித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பக்கத்தில் எதை வைத்தாலும் விற்றது. சாவு வீடுகளுக்கு மட்டும் சனோபரை அனுப்புவதில்லை. ஒரு தடவை போனாள். அங்கே ஒப்பாரிக்கு நடுவில் அவள் பல் தெரிய உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டுச் செத்தவரின் மகள் செருப்பைக் கழற்றிவிட்டாள்.

சனோபர் தன் அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினாள். தங்கைக்குக் கல்யாணம் முடிந்திருந்தது, இனிப் பயப்பட ஒன்றும் இல்லை. ஹோசியத் வந்த வியாழக்கிழமை, சனோபர் விடியலிலிருந்தே வாசலில் நின்றாள். இவ்வளவு காலம் சேர்த்து வைத்த பேச்சையெல்லாம் மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டாள். அம்மா மினிபஸ்ஸிலிருந்து இறங்கித் துணி மூட்டையோடு தெருவில் நடந்து வந்து, அவளைத் தாண்டி உள்ளே போனாள்.

"வாங்க சம்பந்தி" என்று மஸ்தூரா எழுந்தாள். "வாசல்லயே நிக்கிறா, பாக்காம வர்றீங்களே. உங்க பொண்ணு."

ஹோசியத் திரும்பிப் பார்த்தாள். கும்பிடுவதுபோல் நெஞ்சில் கை வைத்து, "நல்லா இரும்மா. நீ யாரு வீட்டுப் பொண்ணு?" என்று கேட்டாள்.

"அம்மா, நான்தாம்மா."

மூட்டை கீழே விழுந்தது, நான்கள் முற்றத்தில் உருண்டன. ஹோசியத் அந்தச் சிரிப்பைப் பார்க்கவில்லை. கதவுக்குப் பின்னால் பார்த்தாள், திரைச்சீலையை விலக்கிப் பார்த்தாள். "சனோபர்? எங்கடி இருக்கே? வெளிய வாடி."

"உன் முன்னாடிதாம்மா நிக்கிறேன். இதுதாம்மா நான்."

"என் பொண்ணு சிரிச்சா வாயைப் பொத்திக்குவா" என்றாள் ஹோசியத். "அவ தாடையில தழும்பு இருக்கும். நான்தான் அன்னைக்கு அடுப்பை மூடாம விட்டேன்."

"அந்தத் தழும்பைக்கூட எடுத்தாச்சு, சம்பந்தி. ராஜாத்தி மாதிரி ஆக்கி வெச்சிருக்கேன். இதுக்குமேல ஒரு மாமியா என்ன செய்வா?"

ஹோசியத் அவளிடம் திரும்பினாள். "எடுத்த தழும்பை எங்க வெச்சீங்க?" என்று கேட்டாள். "குடுங்க. நான் எடுத்துட்டுப் போறேன்."

டீ போடுகிறேன் என்று மஸ்தூரா உள்ளே போனாள். ஹோசியத் நான்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஊதித் துடைத்துத் துணியில் கட்டினாள். கிளம்புகிறாள் என்றுதான் சனோபர் நினைத்தாள். ஹோசியத் விருந்தினர் அறைக்குள் போய், சுவரைப் பார்த்து, அறைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள்.

"பின்னால வந்து உக்காரு. என் கண்ணுல படாத" என்றாள். "இப்பப் பேசு. மொதல்ல இருந்து சொல்லு."

சனோபர் அம்மாவின் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னாள். ஒரே ஒரு தடவை ஹோசியத் பின்பக்கமாகக் கையை நீட்டி மகளின் கையைத் தேடினாள். அகப்பட்டது விளம்பரக்காரியின் மழமழ விரல்கள். அவள் கையை எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் மகளைத் தொட்டதில்லை.

வியாழன்தோறும் அவள் வருகிறாள். அன்று அந்த அறையில் யாரும் படம் பிடிப்பதில்லை, மஸ்தூராவே விட்டுக்கொடுத்துவிட்டாள். ஜன்னல் வழியாகத் தெருவுக்கு நன்றாகத் தெரியும்: சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒரு கிழவி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருப்பாள், அவளுக்குப் பின்னால் அழகான ஒருத்தி பல் தெரியச் சிரித்தபடி தேம்பிக்கொண்டிருப்பாள். தெருவுக்குப் புதிதாக வாழ வந்த பெண்கள் யாராவது நின்று பார்த்து, அங்கே என்ன நடக்கிறது என்று கேட்டால், மாமியார்கள் வாளியைக் கையில் கொடுத்து, "ரிஷ்தான் அம்மா, பொண்ணைப் பாக்க வந்திருக்காங்க. நீ வாசலைத் தெளி" என்பார்கள்.